மூன்று வரியும் ஒரு மைப்பொட்டும்

1

“பல்லடத்துக்கு ஒரு டிக்கெட்டுன்னு கண்டக்டர்கிட்டக் கேக்கறதுக்கே இவளுக்குத் தொண்டை எழும்பாது. இவ சீமைக்குப் போயி என்னத்தப் பேசிக் கிழிக்கப் போறா?”

என் பாஸ்போர்ட் வந்த அன்று அத்தை சொன்னது இது. அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. தன் மகனுக்கு என்னைக் கட்டிவைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. அந்த ஆற்றாமையில் சொன்னார் என்று தள்ளிவிடலாம். ஆனால் சொன்னது பொய்யில்லை. பஸ்ஸில் கண்டக்டர் வந்தால் நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பேன், அவர்தான் டிக்கெட் கேட்பார்.

“உடு தங்கச்சி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணுன புள்ள, பொழச்சுக்குவா” என்றார் அப்பா.

“பாஸ் பண்ணுனது பேப்பருலீங்கண்ணா. வாயில இல்லீங்க.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போய்ப் படித்து முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அன்று நான் அத்தைக்குப் பதில் சொல்லவில்லை. மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன் என்று கப்பலில் வரும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பதில் வாய்க்கு வரவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே இந்த ஆலை நகரத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பயிற்சிக்கு வந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. புகைக்கூண்டுகளும் பஞ்சு தூசும் இங்கேயும் உண்டு, வெயில்தான் இல்லை. ஊரில் இருந்து என்னைப்போல் கிளம்பி வரப்போகும் பெண்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். அந்த ஒரு வருஷத்தையும் நான் என் பதில்களாலேயே இழந்தேன்.

2

வந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்.

“ஆங்கிலம் நன்றாகப் படிப்பீர்களா?”

“ஏதோ கொஞ்சம், மேடம்.”

“கணக்கு?”

“கொஞ்சம் வரும்.”

“நோயாளிகளைக் கவனித்த அனுபவம்?”

“சொல்லும்படி ஒன்றும் இல்லை.”

பள்ளியில் ஆங்கிலத்தில் நான்தான் முதல். ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்து, பிரசவ வார்டிலும் காய்ச்சல் வார்டிலும் ஓடி ஓடி வேலை செய்தவள். என் வேலையைப் பார்த்துத்தான் அங்கிருந்த டாக்டரம்மா இந்த ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போடச் சொன்னார். அது எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது. ஆனால் அதை என் வாயால் எப்படிச் சொல்வது? அடக்கமாக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு வெளியே வந்தேன்.

எங்கள் ஊர் பனியன் கம்பெனியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்பா அங்கே பவர்டேபிள் டைலர், கரண்டு மெஷினில் பனியன் தைப்பவர். ஒரு நாள் மதியச் சோறு கொண்டுபோனபோது வேலை கேட்டு ஓர் ஆள் வந்து நின்றிருந்தார்.

“ஏப்பா, மெசினு ஓட்டுவியா?” என்றார் முதலாளி.

“என்னைய மாதிரி ஓட்டறதுக்கு இந்த ஊருல ஆளில்லீங்க மொதலாளி!”

“சரி, சொல்லி உடறேன், போ.” அந்த ஆள் தலை மறைந்ததும் முதலாளி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “வாயி ஓட்டறவன் மெசினு ஓட்டமாட்டான். நீ வந்தன்னைக்கு என்ன சொன்ன, ஞாவகம் இருக்குதா?”

“ஏதோ ரெண்டு தையல் போடுவேனுங்கன்னு சொன்னனுங்க.”

“அதான் அப்பவே உக்கார வெச்சேன்.”

எங்கள் பக்கத்தில் ‘ஏதோ’ என்று சொன்னால் ‘முழுசாகத் தெரியும்’ என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். தறிக்காரர் என்றாலும் தோட்டக்காரர் என்றாலும் இதுதான் வழக்கம். வெள்ளாமை எப்படி என்று கேட்டால், களம் நிறையக் கிடந்தாலும் ‘என்னமோ போகுதுங்க’ என்பார்கள். சொல்பவர் குறைப்பார், கேட்பவர் கூட்டிக்கொள்வார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

இங்கே நான் குறைத்தேன். கூட்டிக்கொள்ள ஆள் இல்லை. அந்த அம்மாள் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

3

விடுதியில் எனக்கு அடுத்த அறை குளோரியாவுடையது. மேற்கிந்தியத் தீவு ஒன்றில் இருந்து வந்தவள், என் வகுப்புதான். மழை நாளில்கூடப் பாடிக்கொண்டே துணி துவைப்பாள். குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் அவள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நாம் படிப்பது இரண்டாண்டுப் படிப்பு என்று உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும். சீக்கிரம் முடிந்துவிடும்.”

“முடிந்தால் நீ உதவி நர்ஸ். மூன்றாண்டு படிப்பவர்கள்தான் முழு நர்ஸ். எனக்குப் பரவாயில்லை, நான் இங்கேயே இருக்கப் போகிறேன். உன் ஊரில் இந்தச் சான்றிதழை ஒத்துக்கொள்வார்களா?”

இரண்டு விதமான படிப்பு இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு எழுதினேன். பதில் சுருக்கமாக வந்தது. இரண்டாண்டுச் சான்றிதழோடு வந்தால் இங்கே நர்ஸாகச் சேர்க்க முடியாது, போகும்போது எந்த இடத்தில் இருந்தாயோ அதே இடம்தான் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்.

கடல் கடந்து வந்தது நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் அதே வேலைக்குத் திரும்பிப் போவதற்கா? அத்தை முகம் கண்முன் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியின் நர்ஸ்களுக்கு எல்லாம் தலைவி மேட்ரன். கருநீல உடுப்பு, விறைப்பான காலர். அவரிடம் அனுமதி வாங்கி, மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் என் கோப்பைத் திறந்தார்.

“ஆங்கிலம், கொஞ்சம். கணக்கு, கொஞ்சம். அனுபவம், ஒன்றும் இல்லை. இவற்றை வைத்துத்தான் இரண்டாண்டுப் படிப்பில் சேர்த்தோம். இவை நீங்கள் சொன்ன பதில்கள்தானே?”

“ஆமாம், மேடம்.”

“பிறகு என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?”

மரியாதைக்காக அப்படிச் சொன்னேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தேடினேன். கண் தரைக்குப் போய்விட்டது. “எஸ்ஸுங்க மேடம்” என்று என்னையறியாமல் உளறினேன்.

அவர் கோப்பை மூடினார். “ஈஸ்டருக்குள் புது வகுப்புக்கு ஆள் எடுத்து முடித்துவிடுவோம். அதற்கு முன் இன்னொரு முறை வரலாம். ஒரே ஒரு முறை. உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று அப்போது என்னிடம் சொல்லுங்கள். தரையிடம் சொல்லாதீர்கள்.”

4

எங்களுக்குப் பாடம் நடத்துபவர் மிஸஸ் விட்லாக். நடந்ததை அவரிடம் சொன்னபோது, அழாமல் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் தேற்றவில்லை. “நீ தைரியமாக இரு என்று நான் சொன்னால் உனக்குத் தைரியம் வருமா?” என்றார்.

“வராது.”

“அப்படியென்றால் வேலை செய்து பார்க்கலாம்.”

அவர் சொன்ன வேலை இதுதான். ஷிப்ட் முடிந்ததும் மூன்று வரி எழுத வேண்டும். இன்று நான் சரியாகச் செய்தது எது? இன்று எதற்குப் பயந்தேன்? அதே பயத்தை ஒரு தோழி வந்து சொன்னால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்? அவ்வளவுதான். தமிழிலேயே எழுதச் சொன்னார்.

“உங்களால் படிக்க முடியாதே?”

“அதற்காகத்தான். எனக்காக எழுத மாட்டாய். முதல் வரியை மட்டும் என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.”

கேட்க லேசாக இருந்தது. எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்குப் பேனா நகரவில்லை. பயம் பற்றிய வரி பக்கத்தை நிரப்பியது. தெர்மாமீட்டர் உடைந்தது, வார்டில் ஒரு கிழவர் என் கை தன்மேல் படக்கூடாது என்றது, டீயில் சர்க்கரை கூடிவிட்டதற்கு எல்லோரும் சிரித்தது, எல்லாம் வந்தன. முதல் வரியில் ‘ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை’ என்று எழுதிக்கொண்டுபோய் ஒப்பித்தேன்.

“நீ இருந்த வார்டில் பக்கவாத நோயாளி ஒருவர் இன்று நாற்காலியில் உட்கார்ந்தாரே, அவரைத் தூக்கி உட்காரவைத்தது யார்?”

“நாங்கள்தான்.”

“நாங்கள் என்றால் எத்தனை பேர்?”

நோட்டின் ஓரத்தை மடித்தேன்.

“யார்?”

“நான்.”

“அதை ஏன் எழுதவில்லை?”

ஏன் எழுதவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? எங்கள் வீட்டில் நல்லதை வாய்விட்டுச் சொன்னால் அம்மா பதறிவிடுவார். “சொல்லாத கண்ணு, பட்டுரும்” என்பார். பரீட்சை முடிவு வந்த அன்று தெருவில் யார் கேட்டாலும் “ஏதோ பாஸாயிருச்சுங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டவர். சொன்னாலே கண் படும் என்றால், மசியில் எழுதிவைத்தால் என்ன ஆகும்?

ஊருக்கு எழுதும் கடிதங்களில் இதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். அங்கே எல்லாம் நலம், குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம். நோட்டில் எல்லாம் கெட்டது, கடிதத்தில் எல்லாம் நல்லது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு நாள் எனக்கு என்மேல் கோபம் வந்தது. இரண்டிலும் இருந்தது நான் இல்லை.

அன்றைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ‘நன்றாகச் செய்தேன்’ என்று எழுத வேண்டாம். நடந்ததை எழுதலாம். ‘என் கை படக்கூடாது என்ற கிழவர் இன்று என் கையால் தண்ணீர் குடித்தார்.’ இதில் பெருமை எங்கே இருக்கிறது? நடந்தது நடந்ததுதானே. அந்த வரியைச் சொன்னபோது மிஸஸ் விட்லாக் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

இந்தப் பயிற்சி உடனே மனசுக்குத் தெம்பு கொடுத்தது என்று எழுதினால் பொய். சில வாரம் முன்னைவிட மோசமாக இருந்தது. எழுதாதவரை புகை மாதிரி இருந்த பயம், எழுதியதும் உருவம் எடுத்து எதிரே உட்கார்ந்தது. ஆனால் மூன்றாவது வரி ஒவ்வொரு நாளும் என்னைப் பிடித்து நிறுத்தியது. தோழிக்கு என்றால் நான் எவ்வளவு நியாயமாகப் பேசுகிறேன்! ‘குரல் எழும்பாவிட்டால் என்ன, இரண்டாம் தடவை சொல்லு. இரண்டாம் தடவைக்கு யாரும் தடை போடவில்லை’ என்று ஒரு நாள் எழுதினேன். அந்த முகம் தெரியாத தோழிக்குக் கிடைக்கும் இரக்கம் எனக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்று பிறகுதான் தோன்றியது.

5

ஈஸ்டர் நெருங்கிவிட்டது. பெண்கள் வார்டில் மதியப் பார்வையாளர் நேரம். பூங்கொத்தும் பழமுமாகச் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் வயிற்றில் ஆபரேஷன் ஆன மிஸஸ் பார்லோ மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிளீச்சிங் தொட்டியில் இருந்து எடுத்த துணிபோல் முகம் வெளுத்துக் கிடந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூலாக இழுத்துக்கொண்டு ஓடியது.

வார்டுப் பொறுப்பில் இருந்த ஸ்டாஃப் நர்ஸிடம் போனேன். “மன்னிக்க வேண்டும், ஒருவேளை மிஸஸ் பார்லோவுக்கு…”

“டாக்டர் இப்போதுதான் பார்த்துவிட்டுப் போனார். நீ போய்ப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்று.”

திரும்பினேன். பூச்சாடியைக் கையில் எடுத்தும்விட்டேன். சாடியோடு கட்டிலைக் கடக்கும்போது மிஸஸ் பார்லோ நாக்கால் உதட்டை ஈரப்படுத்தப் பார்த்தார், முடியவில்லை. சாடியைத் தரையில் வைத்துவிட்டு மறுபடியும் நாடியைப் பிடித்தேன். முன்பைவிட மெலிந்திருந்தது. நேராக ஸ்டாஃப் நர்ஸிடம் திரும்பிப் போனேன்.

“நான் நாடி பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். சரியில்லை. நீங்கள் வரவேண்டும். இப்போதே வரவேண்டும்.”

வார்டு முழுவதும் பேச்சு நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டாஃப் நர்ஸின் முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோபத்தோடே வந்து போர்வையை விலக்கினார். வயிற்றின் வீக்கத்தைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மிஸஸ் பார்லோவை மறுபடியும் ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“உனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது” என்றார் ஸ்டாஃப் நர்ஸ், சாயங்காலம்.

“எனக்கும்தான்” என்றேன்.

அன்றைய முதல் வரியை மறைக்காமல் எழுதினேன். ‘நான் பார்த்தேன். நான் சொன்னேன்.’

மறுநாள் மிஸஸ் பார்லோவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. நினைவு தப்பிப் பேசினார். எழுதியதுதான் பட்டுவிட்டது, அம்மா சொன்னதுதான் நடக்கிறது என்று தோன்றியது. விஞ்ஞானம் படிக்கிறவள்தான் நான், காய்ச்சலுக்குக் கிருமி காரணம் என்று தெரியும்தான். ஆனாலும் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். பாதியில் கை நின்றது. கிழித்தால் நடந்தது நடக்கவில்லை என்றாகிவிடுமா? நான் சொல்லாமல் இருந்திருந்தால் காய்ச்சல் வருவதற்கு அந்த அம்மாள் இருந்திருப்பாரா?

பேனாவை எடுத்துப் பக்கத்தின் மூலையில் கறுப்பு மையால் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். பச்சைக் குழந்தையின் கன்னத்தில் வைப்பதுபோல. குழந்தை அழகாக இருக்கிறது என்பதற்காக யாராவது அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்களா? பொட்டு வைத்து மடியிலேயே வைத்துக்கொள்கிறோம். என் நல்ல வரிக்கும் அது போதும் என்று முடிவு செய்தேன். யார் சிரித்தாலும் சரி.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. பொட்டால் இறங்கியது என்று நான் சொல்லவில்லை. பொட்டு வைத்ததால் நான் நோட்டைக் கிழிக்கவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். இதைப் படிக்கும் தங்கைகளே, மூன்று வரி எழுதிப் பாருங்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் வந்தால் மூலையில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

6

மேட்ரன் அறைக்குப் போகும் நாளில் காலையில் குளோரியா என் காலரைச் சரிசெய்து, “தரையைப் பார்த்தால் கொன்றுவிடுவேன்” என்றாள். முருகா என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

“சென்ற ஆண்டு கொஞ்சம் தெரியும் என்றீர்கள்” என்றார் மேட்ரன். “இப்போது மாறிவிட்டதா?”

வாயில் ‘ஏதோ’ என்று வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

“மாறவில்லை, மேடம். அப்போதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.”

“அப்படியென்றால் தெரியாதவர்கள் என்ன சொல்வார்கள்?”

“எல்லாம் தெரியும் என்பார்கள்.”

அவர் உதடு லேசாக அசைந்தது. பிறகு பழையபடி இறுகிவிட்டது. “உங்களால் என்ன முடியும்?”

நான் நோட்டைக் கொண்டுபோகவில்லை. தேவைப்படவில்லை. பிரசவ வார்டில் செய்ததைச் சொன்னேன். பள்ளியில் ஆங்கிலத்தில் எந்த இடம் என்று சொன்னேன். நாடி சரியில்லை என்று இரண்டாம் தடவை போய்ச் சொன்னதைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லும்போது காது சுட்டது. என் அப்பா அந்த அறையில் இருந்திருந்தால் கூசிப்போய் வெளியே போயிருப்பார். அப்பாவின் ‘ஏதோ’ தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளும் முதலாளி இருக்கும் இடத்தில் அது பொன். நான் நின்றிருந்த இடம் வேறு.

மேட்ரன் இழுப்பறையில் இருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எடுக்கலாம். ஆனால் நீங்கள் முடித்த ஒரு வருஷம் கணக்கில் வராது. பள்ளியில் இருந்து நேராக வரும் சின்னப் பெண்களோடு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் தேர்வில் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இரண்டாண்டுப் படிப்புக்கும் திரும்ப முடியாது. இப்போது இருக்கிற இடத்தில் இருந்தால் அடுத்த வருஷம் உறுதியாக ஒரு சான்றிதழ் உண்டு. வெள்ளிக்கிழமை வரை யோசியுங்கள்.”

நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரை போனேன். கைப்பிடியைத் தொட்டேன். வெள்ளிக்கிழமை வரை விட்டால் எனக்குள் யார் யார் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தேன்.

“பேனா தருவீர்களா, மேடம்?”

கையெழுத்துப் போட்ட கையோடு அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் சேர்த்தேன். தவறான படிப்பில் சேர்ந்ததையும், ஒரு வருஷத்தை விட்டதையும், இன்னும் மூன்று வருஷத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாண்டுக்காரர்கள் உடுப்பின்மேல் கட்டும் பச்சை இடுப்புப் பட்டையை அன்றைக்கே உடுப்பறையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதுப் பட்டையை முதல் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் தருவார்கள். திங்கட்கிழமையில் இருந்து இடுப்பில் ஒன்றும் கட்டாமல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.